கோடை வெப்பத்தில் சைக்கிளும் காயமுற்ற முழங்காலும்

1966ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசான் தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் எடுத்த படம் ஒன்று உலகெங்கும் பெயர்பெற்றது. ராக்கெட்டின் முனைக்கூம்பு ஒரு சாதாரணச் சைக்கிளின் பின்புறக் காரியரில் வைக்கப்பட்டிருக்கிறது. இருவர் அதனோடு நடந்து செல்கின்றனர். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1963 நவம்பர் 21 அன்று, அந்நிலத்திலிருந்துதான் நம் நாட்டின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் வானில் எழுந்தது. படத்தைக் காண்போர் ராக்கெட்டும் சைக்கிளும் ஒருங்கே நிற்கும் விந்தையையே பேசுவர். நமக்கு இங்கு வேண்டிய செய்தி வேறு. அவர்கள் அச்சைக்கிளின்மீது ஏறிச் செல்லவில்லை, தள்ளிக்கொண்டு செல்கின்றனர். பாரத்தோடு கூடிய சைக்கிளை எப்பொழுது ஓட்டுவது, எப்பொழுது தள்ளுவது என்பது உடலியலும் பௌதிகமும் சேர்ந்து விடை கூற வேண்டிய ஒரு வினாவாகும்.

தும்பாக் கடற்கரை மணற்பாங்கான சமநிலம். அங்கிருந்து உள்நாட்டுப் பக்கமாகச் சில கிலோமீட்டர் வந்தால் கழக்கூட்டம். அதற்கப்பால் காரியவட்டம், ஸ்ரீகாரியம் வழியாகத் திருவனந்தபுரம் நகருக்குச் செல்லும் சாலை செம்புறைக்கல் மேடுகளின்மீது ஏறியும் இறங்கியும் செல்கிறது. காரியவட்டத்தில் 1985இல் தொடங்கப்பெற்ற லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி உள்ளது. 2015ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுப் போட்டிகளின் சைக்கிள் பந்தயங்கள் அங்குள்ள ஓடுதளத்தில் நடைபெற்றன. பந்தய வீரர்கள் மட்டுமல்லர். உடல்நலம் கருதிச் சைக்கிள் மிதிக்கும் நடுத்தர வயதினரையும் விடியற்காலையில் இச்சாலைகளில் காணலாம். அவர்களுள் சிலர் முழங்காலில் அடிபட்டு, “இனி ஓடாதீர்கள், வேண்டுமானால் சைக்கிள் ஓட்டுங்கள்” என்று மருத்துவரால் அனுப்பப்பட்டவர்கள். இவ்வரிகளை எழுதுவோனும் அவ்வினத்தைச் சேர்ந்தவனே.

வெயிலைப் பற்றிக் கேட்டால் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். முழங்காலைப் பற்றிக் கேட்டால் ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள். இரண்டும் தனித்தனி விஷயங்கள் என்றே பலரும் எண்ணுகின்றனர். அவை தனித்தனி அல்ல. ஒன்றுக்காகச் செய்யும் பரிகாரம் மற்றொன்றைத் தீவிரமாக்கக் கூடும்.

வியர்வை ஏன் ஆறுவதில்லை

மனித உடல் ஒரு யந்திரம் எனக் கொண்டால், அது சிக்கனமான யந்திரம் அன்று. நாம் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே பெடலைச் சென்றடைகிறது, எஞ்சியது உஷ்ணமாகிறது. 65 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 20 கிலோகிராம் எடையுள்ள சைக்கிளில் சமநிலத்தில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதற்குப் பெடலில் சுமார் 80 வாட் தேவை. அப்பொழுது அவர் உடலில் தோன்றும் உஷ்ணம் சுமார் 240 வாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரி. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெளியேறும். ஆகவே மணிக்கு 350 மில்லிலிட்டர் வியர்வை ஆவியானாலே போதும் எனக் கணக்குக் கூறுகிறது. ஆனால் கணக்கில் உள்ள “ஆவியானால்” என்னும் சொல்லே இங்கு முக்கியமானது. தரையில் சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. உடலின் நீரையும் உப்பையும் வீணாக்குவதோடு சரி.

ஆவியாதலைத் தீர்மானிப்பது தோலின் மேலுள்ள நீராவி அழுத்தத்திற்கும் காற்றிலுள்ள நீராவி அழுத்தத்திற்கும் இடையே உள்ள வேறுபாடு. 35 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமுள்ள ஈரத் தோலின்மேல் அது சுமார் 42 மில்லிமீட்டர். கழக்கூட்டத்தில் ஏப்ரல் மாதப் பிற்பகலில் உஷ்ணம் 33 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் எனக் கொள்வோம். காற்றின் நீராவி அழுத்தம் 26 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வேறுபாடு ஏறத்தாழ 16. அதே நேரத்தில் திருச்சிராப்பள்ளியில் உஷ்ணம் 39 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் எனக் கொண்டால் வேறுபாடு 26க்கு மேல் செல்கிறது. திருச்சியின் காற்று தோலைத் தொட்டுச் சுடுகிறது என்பது மெய். எனினும் அங்கே வியர்வை உலர்கிறது. கழக்கூட்டத்தில் அது சட்டையை நனைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறது. வானிலை ஆய்வுத் துறை கடற்கரைப் பகுதிகளில் வெப்ப அலையை அறிவிக்க உச்ச உஷ்ணம் 37 டிகிரியையேனும் எட்ட வேண்டும் என வரையறுத்துள்ளது. 33 டிகிரியில் எந்த அறிவிப்பும் வராது; அதனால் அபாயம் இல்லை என்று கருதிவிடலாகாது.

இதே கணக்கு மற்றொரு செய்தியையும் தருகிறது. காலை ஆறு மணிக்கு ஈரப்பதம் 88 சதவீதம் என்று கேட்டு மலைப்பவர் உண்டு. ஆனால் அப்பொழுது உஷ்ணம் 26 டிகிரிதான். காற்றின் நீராவி அழுத்தம் 22 மில்லிமீட்டரே. வேறுபாடு 20. சதவீதம் கூடியிருந்தும், பிற்பகலைவிடக் காலையில் வியர்வை எளிதாக ஆவியாகிறது. விஷுவுக்கு ஓரிரு நாட்கள் முன்னர்க் கழக்கூட்டத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அன்று உண்மையான நண்பகல் நம் கடிகாரத்தில் 12 மணி 23 நிமிட அளவில் நிகழும். வெயிலில் உழைக்கும் தொழிலாளர்க்கு நண்பகல் 12 முதல் 3 மணி வரை ஓய்வு தர வேண்டுமென்று கேரளத் தொழிலாளர் துறை கோடைதோறும் ஆணை பிறப்பித்து வருவது காரணத்தோடுதான். உடற்பயிற்சிக்காகச் சைக்கிள் மிதிப்பவருக்கு ஆணையிடுவோர் எவரும் இல்லை.

சைக்கிளுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: ஓடும்போது அது தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்பவர்மீது அதே வேகத்தில் காற்று வீசுகிறது. சிக்னலில் நின்றவுடன் வியர்வை பெருகுவதாகத் தோன்றுவது இதனால்தான். வியர்வை கூடியதன்று, உலர்வது நின்றது.

கிணற்றுச் சகடையும் முழங்கால் சில்லும்

பெர்லின் ஆராய்ச்சியாளர்கள், செயற்கை முழங்கால் மூட்டுப் பொருத்தப்பட்ட நோயாளிகளின் மூட்டுக்குள்ளேயே அளவுமானிகளை வைத்து, நடக்கும்போதும் சைக்கிள் மிதிக்கும்போதும் விழும் பாரத்தை நேராக அளந்தனர். சமநிலத்தில் நடக்கையில் மூட்டின்மீது உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது; மென்மையாகச் சைக்கிள் மிதிக்கையில் ஏறத்தாழ 1.2 மடங்கே. உடலை இருக்கை தாங்கிக்கொள்வதே காரணம். மருத்துவர் சைக்கிளைப் பரிந்துரைப்பது இதனால்தான்.

ஆனால் முழங்காலுக்குள் ஒரே மூட்டு இல்லை. தொடையெலும்பும் கணைக்காலெலும்பும் சந்திப்பது ஒன்று. முன்புறத்துச் சில்லு தொடையெலும்பின் பள்ளத்தில் வழுக்கிச் செல்வது மற்றொன்று. இரண்டாவதைப் புரிந்துகொள்ளக் கிணற்றுச் சகடையை நினைத்தால் போதும். சகடையின்மேல் கயிறு எவ்வளவு மடிந்து செல்கிறதோ, அவ்வளவுக்குச் சகடையின் அச்சு அழுத்தப்படுகிறது. தொடையின் முன்தசை கயிறு. சில்லு சகடையின் இடத்தில் நிற்கிறது. முழங்கால் 30 டிகிரி மடிந்திருக்கையில் தசையின் இழுவிசையில் பாதியளவே சில்லை அழுத்துகிறது. 90 டிகிரி மடிந்தால் அதே இழுவிசை 1.4 மடங்காக அழுத்துகிறது. மடிப்பு மிகும்போது தொட்டுக்கொள்ளும் பரப்பும் ஓரளவு விரிவதால் கேடு முழுமையாக அந்த விகிதத்தில் ஏறுவதில்லை. எனினும் திசை தெளிவு.

நம் நாட்டில் இருக்கையைத் தாழ்த்தி வைப்பது வழக்கம். இரு கால்களும் தரையில் ஊன்ற வேண்டும் என்ற அச்சமே அதற்குக் காரணம். சிறு வயதில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவர்கள், வளர்ந்தபின்னும் இருக்கையை உயர்த்தும் துணிவு பெறுவதில்லை. தாழ்ந்த இருக்கையில் பெடல் மேலே வரும்போது முழங்கால் மிகுதியாக மடிகிறது. அந்நிலையிலேயே மிதிக்கும் விசையும் தொடங்குகிறது. 1967இல் ஹாம்லி, தாமஸ் என்னும் இருவர் வெளியிட்ட அளவை இன்றும் பயன்படுகிறது: வெறுங்காலுடன் சுவரோரம் நின்று, கவட்டிலிருந்து தரை வரை அளந்து, அதன் 109 சதவீதத்தைக் கீழ்நிலைப் பெடலிலிருந்து இருக்கையின் மேற்புறம் வரை வைக்க வேண்டும். அளவு 80 சென்டிமீட்டர் எனில் இருக்கை 87 சென்டிமீட்டர். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடிந்திருந்தால் அளவு பொருந்தியது என்க. முழங்காலின் பின்புறம் இழுத்து வலித்தாலோ, இடுப்பு இருபுறமும் ஆடினாலோ இருக்கை அளவுக்கு மீறி உயர்ந்துவிட்டது. நிற்கும்போது நல்ல காலையே ஊன்றப் பழக வேண்டும். இது அற்பமாகத் தோன்றினும், மறந்துபோய்க் காயமுற்ற காலை ஊன்றி மீண்டும் திருகிக்கொண்டவர்கள் இதன் அருமையை அறிவர்.

மேட்டில் நிகழ்வது

இனி இவ்விரண்டும் சந்திக்கும் இடத்திற்கு வருவோம். முன்புறப் பற்சக்கரத்தில் 44 பல், பின்புறத்தில் 18 பல், 28 அங்குலச் சக்கரம் கொண்ட ஒரு பழைய மாதிரிச் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். பெடல் ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் செல்லும். சமநிலத்தில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் பெடலின்மீது சராசரியாக 8 கிலோகிராம் பாரமே விழுகிறது. அதே சைக்கிள் 20 அடிக்கு ஓரடி உயரும் மேட்டில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதாகக் கொள்க. சராசரிப் பாரம் 26 கிலோகிராம் ஆகிறது. ஒவ்வொரு கால் மிதிப்பின் உச்சத்திலும் அது 40 கிலோகிராமை நெருங்குகிறது. பெடல் நிமிடத்திற்கு 28 முறையே சுற்றுகிறது. எனவே அந்தப் பாரத்தை முழங்கால் நெடுநேரம் தாங்குகிறது.

உஷ்ணத்தையும் பார்ப்போம். பெடலுக்குத் தேவையானது 125 வாட். உடலில் எழும் உஷ்ணம் சுமார் 375 வாட், அதாவது சமநிலத்தில் எழுவதைப்போல் ஒன்றரை மடங்கு. வேகம் பாதியாகிவிட்டதால் உடலைத் தழுவும் காற்றும் பாதி. முழங்காலுக்கு மிகக் கடினமான இடமும் உடலின் குளிர்ச்சிக்கு மிகக் கடினமான இடமும் ஒன்றே. முழங்காலுக்கு இரங்கி மெதுவாக ஏறினால் காற்றுக் குறைகிறது. காற்று வேண்டி விரைந்து ஏறினால் சில்லு நசுங்குகிறது.

இச்சிக்கலிலிருந்து மீள இரண்டு வழிகள் உண்டு. கியர் உள்ள வண்டியில், முன்னும் பின்னும் பல் எண்ணிக்கை சமமாகும் கியரை இட்டால், அதே வேகத்தில் பெடல் நிமிடத்திற்கு 68 முறை சுற்றும். சராசரிப் பாரம் 26லிருந்து 10 கிலோகிராம் அளவுக்கு இறங்கும். முழங்கால் பிழைத்தது, ஆனால் உஷ்ணம் குறையவில்லை, ஏனெனில் ஏறும் உழைப்பு அதேதான். கியர் வாங்கியவர்கள் மறந்துவிடுவது இதனையே. மற்றொரு வழி இறங்கித் தள்ளுவது. சில்லில் வலியுடையவர்க்கு அது மிகப் பொருத்தம். நடக்கையில் முழங்கால் அதிகம் மடிவதில்லை. பிறைக் குருத்தெலும்பு கிழிந்தவர்க்கு அவ்வாறன்று: நடையில் மூட்டின்மேல் விழும் பாரம் சைக்கிளைவிட மிகுதி என்பதை முன்னரே கண்டோம். அத்தகையோர் காரியவட்டத்துப் பக்கம் திரும்பாமல், மேனங்குளம் வழியாகக் கடற்கரைச் சமநிலத்தை நாடுவதே முறை. என்ன காயம் என்று தெரியாமல் என்ன செய்வது என்று கூற இயலாது. மூட்டு வீங்கியிருந்தாலோ, இடையில் பூட்டிக்கொண்டாலோ, ஊன்றும்போது நழுவினாலோ, சமநிலமும் வேண்டா, மருத்துவமனையே வேண்டும்.

மேட்டில் இறங்கித் தள்ளுவதில் ஒரு கௌரவக் குறைவு இருப்பதாக நம்மவர் கருதுகின்றனர். பள்ளிப் பிள்ளைகள் இருவர் என்னைக் கடந்து செல்கையில், “பஞ்சரா மாமா?” என்று மலையாளத்தில் பரிவோடு விசாரித்தனர். ஆம் என்று பொய் சொன்னேன்.

மாத்திரையின் மறுபக்கம்

இதுகாறும் கூறியவை வலி தரும் விஷயங்கள். இனிக் கூறப்போவது உயிருக்கே அபாயம் தரக்கூடியது. இரண்டு கோடைகளுக்கு முன் என் முழங்கால் வலி மிகுந்தபோது, கடையில் வலிக்கொல்லி மாத்திரைகளை நானே வாங்கி, காலையில் ஒன்று விழுங்கிவிட்டுச் சைக்கிளில் புறப்படலானேன். வலி தெரியவில்லை, எனவே தூரம் கூடிற்று. புறப்படும் நேரமும் ஏழிலிருந்து எட்டரைக்கு நகர்ந்தது. நான்காம் நாள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் சொற்பமாகப் பிரிந்தது. மருத்துவர் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதற் கேள்வி முழங்காலைப் பற்றியதன்று, “வெயிலில் என்ன மாத்திரை தின்றீர்?” என்பதே. சில நாட்களில் அளவு இறங்கிற்று. எல்லோருக்கும் இறங்கும் என்பதற்கில்லை.

காரணம் இது. உடலில் நீர் குறையும்போது இரத்தம் தோலுக்கும் தசைக்கும் திருப்பப்படுகிறது. சிறுநீரகத்திற்குச் செல்லும் குழாய்கள் சுருங்க முற்படுகின்றன. அவை அளவுமீறிச் சுருங்காமல் காப்பவை புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள். மூட்டில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குவனவும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் முதலிய மாத்திரைகள் இப்பொருள்கள் உண்டாவதையே தடுக்கின்றன. முழங்காலில் மட்டும் தடுத்துச் சிறுநீரகத்தில் விட்டுவிடும் விவேகம் அவற்றுக்கு இல்லை. குளிர்ந்த அறையில் நீர் நிறைந்த உடலுக்கு அதனால் பெரும்பாலும் கேடு நேர்வதில்லை. வியர்த்து வற்றிய உடலில் காவலன் இல்லாத நேரம் பார்த்துக் கதவைத் திறந்தது போலாகிறது. நெடுந்தூர ஓட்டப் பந்தய வீரர் 89 பேரிடம் நடத்தப்பெற்று 2017இல் வெளியான ஓர் ஆய்வில், 80 கிலோமீட்டர்த் தூரத்தின் முடிவில் இபுப்ரோஃபென் உண்டவர்களில் 52 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை உண்டவர்களில் 34 சதவீதத்தினருக்கும் சிறுநீரகப் பாதிப்பின் அடையாளங்கள் காணப்பட்டன. சைக்கிள் வேறு, ஓட்டம் வேறு, சிறுநீரகம் ஒன்றே.

நாற்பது வயதைக் கடந்த வாசகர்கள் ஒன்றை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். இரத்த அழுத்தத்திற்கெனச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையோ, பிரில் அல்லது சார்ட்டன் என்று பெயர் முடியும் மாத்திரையோ உண்பவர்களுக்கு, இவ்வலிக்கொல்லியும் நீர்க்குறைவும் சேர்ந்தால் அபாயம் பன்மடங்காகும். என்ன மருந்து உண்கிறோம் என்பதைக் கடைக்காரரிடமன்றி மருத்துவரிடம் கூறியே வலிக்கு மாத்திரை கேட்க வேண்டும். மேலே பூசும் களிம்பில் மருந்தின் மிகச் சிறு பங்கே இரத்தத்தை அடைவதால், பலருக்கு அவர் அதனையே எழுதித் தரக்கூடும்.

சிறுநீரகத்தை விட்டுவிட்டாலும், வலியை மறைப்பதில் வேறோர் இடர் உண்டு. 1967 ஜூலை 13 அன்று பிரான்ஸ் நாட்டுச் சுற்றுப் பந்தயத்தில், வெந்தூ என்னும் மலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே, டாம் சிம்ப்சன் என்ற ஆங்கிலேய வீரர் கடும் வெயிலில் சைக்கிளிலிருந்து விழுந்து இறந்தார், வயது 29. அவர் உடலில் ஆம்ஃபெட்டமைனும் மதுவும் இருந்தமை கண்டறியப்பட்டது. அது வலிக்கொல்லியன்று, ஊக்க மருந்து. ஆயினும் நில் என்று உடல் விடுத்த எச்சரிக்கையைக் கேளாதபடி செய்தது அதுவே. மேடு, வெப்பம், எச்சரிக்கையை அடக்கும் மருந்து மூன்றும் அங்கு ஒன்றுகூடின.

ஓய்வுக்குப் பின் முதல் வாரம்

காயம் ஆறுவதற்கென ஆறு வாரம் வீட்டில் இருந்தவர், தொடைத் தசை மெலிந்திருப்பதைக் கண்ணால் காண்கிறார். மற்றோர் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. வெப்பத்தில் நாள்தோறும் உழைப்பவர் உடல் 7 முதல் 14 நாட்களில் அதற்குப் பழகுகிறது: இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, வியர்வை விரைவில் தொடங்குகிறது, அதில் உப்புக் குறைகிறது. இப்பழக்கம் விட்டால் ஒரு மாதத்திற்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். தை மாதத்தில் அடிபட்டுப் பங்குனியில் சாலைக்குத் திரும்புபவர், குளிர்காலத்து உடலோடு கோடைக்குள் நுழைகிறார். “முன்பு இதே வழியில் இருபது கிலோமீட்டர் போனேனே” என்ற நினைவு அவருக்குப் பகை. முதல் வாரம் கால் மணி நேரத்திற்கு மேல் வேண்டா; அதுவும் சமநிலத்தில், காலை ஏழுக்கு முன். கூட்டுவதாயின் முதலில் நேரத்தைக் கூட்டுக. மேட்டைக் கடைசியில் சேர்க்க. முழங்காலுக்கு இறுக்கமான ரப்பர் உறை அணிவோர் அதனுள் வியர்வை ஆவியாகாது என்பதையும் கருதுக.

குடிப்பதற்கு உப்பிட்ட கஞ்சித் தண்ணீரும் நீர்மோரும் போதுமானவை. இளநீர் நன்றே, எனினும் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியமாதலால், நீண்ட சவாரிக்குப் பின் இளநீரோடு உப்புள்ள உணவும் வேண்டும். சிறுநீரக நோயாளிகள் இளநீரை மருத்துவரைக் கேளாமல் அருந்தலாகாது. புறப்படும் முன்னும் வந்த பின்னும் எடை பார்த்தால் இழந்த நீரின் அளவு தெரியும். ஒரு கிலோகிராம் குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர். சிறுநீரின் நிறம் இளமஞ்சளாக இருக்கும்வரை கவலையில்லை.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு இவை தோன்றினால் நிழலில் அமர்ந்து ஓய்வு கொள்ள வேண்டும். சவாரி அன்றோடு முடிந்தது. உடன்வருபவர் பேச்சில் குழறினாலோ, கேட்டதற்குப் பொருந்தா விடை கூறினாலோ, அது வெப்பத் தாக்கு; உள்ளுடலின் உஷ்ணம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கக்கூடும். அப்பொழுது வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை; உழைப்பால் வரும் வெப்பத் தாக்கில் தோல் நனைந்தே இருக்கலாம். 108க்குத் தகவல் தந்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல், கிடைக்கும் தண்ணீரையெல்லாம் உடல் முழுதும் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவு தடுமாறியவர் வாயில் நீர் புகட்டலாகாது. காய்ச்சல் மாத்திரையும் கொடுக்கலாகாது, அது இவ்வுஷ்ணத்தை இறக்காது.